ஊசிக்கல்ல, ஊருக்கே பயம்!

எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு கிடையாது. அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை தொங்குகிற அறையில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவைச் சொல்கிறார்கள். தொற்று இருந்தால் மருந்தும் இலவசம். ஆயுள் முழுவதும் இலவசம். இருந்தும் என்ன? இந்திய நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் 2023-ம் ஆண்டின் சர்க்கார் மதிப்பீட்டின்படி சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, தம் ரத்தத்தில் அது இருப்பதே தெரியாது. அந்த ஒரே ஆண்டில் புதிதாகத் தொற்றியவர்கள் 68,000-க்கும் அதிகம். எய்ட்ஸ் சம்பந்தமான நோய்களால் இறந்தவர்கள் 35,000-க்கும் அதிகம்.

சோதனை இலவசம், மருந்து இலவசம். பிறகு ஏன் ஜனங்கள் போவதில்லை?

“அறியாமை” என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள் மேடையில் பேசுகிறவர்கள். படிக்காத ஜனங்கள், மூட நம்பிக்கை, எத்தனை சொன்னாலும் திருந்தமாட்டார்கள் என்பது அவர்கள் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. அறிவு குறைவாக இருப்பது உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு எடுத்த கணக்கில், இந்த நோயைப் பற்றி முழுமையான, சரியான விவரம் தெரிந்தவர்கள் பெண்களில் 100-க்கு 22 பேர், ஆண்களில் 31 பேர்தான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் மட்டும் வரிசையில் நின்று சோதித்துக்கொள்கிறார்களா? இல்லையே! விஷயம் தெரிந்த வாத்தியாரும் போவதில்லை; லாரி ஆபீஸ் குமாஸ்தாவும் போவதில்லை.

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மாவு அள்ளுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டபோது வந்த பதில் பல இடங்களில் ஒரே மாதிரி இருந்தது: “தெரிஞ்சு என்ன பண்றது தோழரே? தெரிஞ்சா வேலை போகும். பொண்ணுக்கு வந்த இடம் திரும்பிப் போகும். தெரியாம இருந்தா, இருக்கிற வரைக்கும் மனுஷனா மதிப்பாங்க.”

இது முட்டாளின் பேச்சா? தராசு பிடித்துப் பேசுகிறவனின் பேச்சு இது. ஒரு தட்டில் மருந்தை வைக்கிறான். மறு தட்டில் வேலை, வீடு, பிள்ளைகளின் கல்யாணம், ஊரில் இருக்கிற பெயர் எல்லாவற்றையும் வைக்கிறான். மறு தட்டு கனக்கிறது. அதனால் போவதில்லை. அவன் பயப்படுவது ஊசிக்கல்ல, ஊருக்கு! அந்த மறு தட்டில் உள்ள கற்களை எடுக்காமல், “பயப்படாதே, பயப்படாதே” என்று போஸ்டர் ஒட்டினால் போதுமா?

அந்தக் கற்கள் எவை, யார் வைத்தவை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலையிலிருந்து இறங்குகிற செலவு

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த நோய் அதிகம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி மலை ஜனங்கள் தலையில் இன்னொரு பழியை ஏற்றுவதும் நம் வேலையல்ல. சோதனைக்குப் போவதென்றால் ஏழைக்கு என்ன செலவாகிறது என்பதை அந்த ஊரில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதற்காகவே சொல்கிறோம்.

மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிற பூமி அது. சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. கடுக்காயும் புளியும் கிடைக்கின்றன. ஆனால் வருஷம் முழுவதற்கும் வேலை கிடைப்பதில்லை. ஆகவே ஜனங்கள் இறங்குகிறார்கள். சிலர் அடிவாரத்தில் கரும்பு வெட்டவும், சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், சிலர் குடகிலும் கேரளத்திலும் உள்ள தோட்டங்களுக்கும் போகிறார்கள். குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் கொட்டகையில் வாழ்க்கை. லாரித் தொழிலாளிக்கும் இதே கதை. எச்.ஐ.வி. ஒருவனுடைய ஜாதியைப் பார்த்து வருவதில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் அலைய வைக்கிற வாழ்க்கை எங்கே உண்டோ, அங்கே அதற்கு வழி திறக்கிறது. ஊரிலேயே வேலை கொடுக்காதவர்கள், ஊர் விட்டுப் போனவனின் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்கிறார்கள்!

சரி, கரியாலூர்க்காரர் ஒருவர் சோதித்துக்கொள்ள நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே நர்ஸ் அம்மாவுக்கு அவரைத் தெரியும். வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவருடைய பாட்டனையே தெரியும். தெரியாத இடத்துக்குப் போகலாம் என்று பஸ் ஏறினால், பரிகம், கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர வேண்டும். அன்றைய கூலி போயிற்று. பஸ் சார்ஜ், சாப்பாட்டுச் செலவு தனி. “எதுக்குப் போறே?” என்று பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். போன அன்று ஆள் இல்லை, நாளைக்கு வா என்றால் இன்னொரு நாள் கூலியும் இன்னொரு பொய்யும் வேண்டும். தொற்று இருப்பது தெரிந்துவிட்டால், மருந்து வாங்க இந்தப் பயணம் திரும்பத் திரும்ப வரும். ‘இலவசம்’ என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. தினக்கூலிக்காரனுக்கு அது இலவசமா?

இன்னொன்றும் உண்டு. ஜாகிர்தார்கள் கையில் இருந்த இந்த மலை 1976-ல்தான் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தது. சர்க்கார் என்றால் மலை ஜனங்களுக்கு வெகு காலம் தெரிந்ததெல்லாம் வனத்துறையும் போலீசும்தான். ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட இடத்தில், காக்கி அல்லாத ஒரு உத்தியோகஸ்தர் வந்து கையை நீட்டச் சொல்லி, ரத்தம் எடுத்து, பெயரும் ஊரும் எழுதிக்கொண்டால் ஜனங்கள் சந்தேகப்படமாட்டார்களா? நம்பிக்கை என்பது பலகையில் எழுதினால் வந்துவிடுகிற சரக்கல்ல.

பழி முதலில் விழுந்தது யார் மேல்?

இந்த நோயைப் பற்றிய பயம் நம் மாகாணத்தில் எப்படிப் பிறந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய சேவை. அந்த இருவரின் துணிச்சலையும் உழைப்பையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த ரத்தம் யாருடையது? போலீசாரால் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்களுடையது. எதற்காகச் சோதிக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பிறகு நடந்தது என்ன? தண்டனைக் காலம் முடிந்த பின்பும், தொற்று இருப்பதைக் காரணம் காட்டிப் பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1990-ல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விடுதலை கிடைத்தது.

சோதனை என்றால் என்ன என்று நாடு கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: ரத்தம் கொடுத்தால் கதவு பூட்டப்படும்!

அடுத்தபடியாகப் பத்திரிகைகள் ஒரு பெயர் வைத்தன: ‘உயிர்க்கொல்லி நோய்.’ சுவர்களில் மண்டை ஓடு வரைந்தார்கள். பிறகு, ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெங்கும் விளம்பரம் வைத்தார்கள். ஜனங்கள் சிரித்தார்கள், நோய் வந்தவனுக்குக் கேலிப் பெயர் ஒன்று தயாராகக் கிடைத்தது. நோய் வந்தால் சாவு நிச்சயம், வந்தவன் ஒழுக்கங்கெட்டவன் என்ற இரண்டு செய்திகளைத்தான் வருஷக்கணக்கில் ஜனங்கள் மனசில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றியவர்களே இன்று, “ஏன் சோதிக்க வரமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்பது விந்தை!

பெண்களின் நிலைமை இதைவிடக் கொடியது. கர்ப்பமானால் அவளுக்குச் சோதனை செய்கிறார்கள். புருஷனைக் கூட்டி வா என்றால் அவன் வருவதில்லை. ஆகவே பல வீடுகளில் தொற்று முதலில் தெரியவருவது மனைவியிடத்தில். கொண்டுவந்தவன் யாராக இருந்தாலும், “இவள்தான் கொண்டுவந்தாள்” என்று மாமியார் வீடு முடிவு கட்டிவிடுகிறது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா, லாரித் தொழிலில் இருந்த கணவர் மூலம் தொற்றுக்கு ஆளானவர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998-ல் ஒரு ஸ்தாபனத்தையே கட்டினார். அந்தத் துணிச்சலுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் ஒவ்வொரு ஏழைப் பெண்ணும் கௌசல்யாவைப் போல வீராங்கனையாக இருந்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று ஒரு சமூகம் வைத்துக்கொள்ளலாமா?

முதலாளி கையில் சீட்டுப் போனால்?

ஆலைத் தொழிலாளியின் பயம் வேறு. சோதனைச் சீட்டு முதலாளி கைக்குப் போய்விடும், மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்பது அவன் பயம். காண்டிராக்ட் தொழிலாளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்; “நாளையிலிருந்து வராதே” என்று மேஸ்திரி சொன்னால் போதும்.

இந்தப் பயம் கற்பனையல்ல. பம்பாயில் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியாக வேலை செய்துவந்த ஒருவர், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து விலக்கப்பட்டார். வேலை செய்கிற உடல் தகுதி அவருக்கு இருந்தது. அவர் வழக்குப் போட்டார். தகுதியோடு வேலை செய்யக்கூடியவனைத் தொற்றைக் காட்டி வெளியே தள்ளக் கூடாது என்று 1997-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரை வெளியிடாமல் வழக்கு நடத்தவும் அவரை அனுமதித்தது. ஒரு தினக்கூலித் தொழிலாளி எழுந்து நின்றதால் நாடு முழுவதற்கும் கிடைத்த நியாயம் இது!

அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. 2018 செப்டம்பர் 10-ந் தேதி முதல் அது அமுலில் இருக்கிறது. அதில் உள்ளதைத் தோழர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய சம்மதம் பெறாமல் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. சோதனை செய்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லக் கூடாது. முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். வெளியே விட்டால் அபராதம் உண்டு. தொற்றைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும், குடியிருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், ஆஸ்பத்திரியில் வைத்தியம் மறுப்பதும் சட்டப்படி கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்களில் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் எத்தனை ஆலைகளின் நோட்டீஸ் போர்டில் அந்தப் புகார் அதிகாரியின் பெயர் இருக்கிறது? உங்கள் ஆலையில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். கேட்பதற்குச் சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

சாத்தூரில் நடந்தது

சோதனையும் ரகசியமும் மனிதத் தன்மையும் ஒன்றாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே வேதனையான சாட்சி இருக்கிறது.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஒரு வாலிபர். அவர் 2016-லேயே ஒரு தடவை ரத்த தானம் செய்திருந்தார். தொற்று இருப்பது அப்போதே ஏட்டில் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷங்கள் கழித்து, நல்ல எண்ணத்தோடு மறுபடியும் ரத்தம் கொடுத்தார். அதைச் சரியாகச் சோதிக்காமலே அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில்தான் தமக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. “நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்” என்று தாமே போய்த் தகவல் சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. ஊரெல்லாம் அவரைப் பற்றியே பேச்சு. சில நாட்களில் அந்த வாலிபர் மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளை!

அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்திலேயே மருந்து கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. தொற்று குழந்தையைத் தொடவில்லை.

இந்தச் சம்பவத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரே மருந்து, ஒரே சர்க்கார், ஒரே மாதம். மருந்து சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சிசு தப்பியது. மருந்துக்கு முன்னால் ஊர்ப் பேச்சு போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வாலிபன் செத்தான். அவனைக் கொன்றது எச்.ஐ.வி. அல்ல, அதற்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

கணக்கு மாறிவிட்டது

இனி தராசின் முதல் தட்டைப் பார்ப்போம். ஏனென்றால் அதிலும் நம் தோழர்கள் பழைய படிக்கல்லையே வைத்து நிறுக்கிறார்கள்.

1990-ல் ஒருவன் சோதனைக்குப் போகாமல் இருந்தான் என்றால் அதில் நியாயம் இருந்தது. அன்று சரியான வைத்தியம் இல்லை. சாவுத் தேதியைத் தெரிந்துகொள்ள யார் போவார்கள்? 1996-ல் கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள் மேல்நாட்டு முதலாளிகள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். மருந்து பேடண்டுப் பூட்டுக்குள் இருந்தது. 2001-ல் சிப்லா என்ற இந்தியக் கம்பெனி அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. எப்படி முடிந்தது? மருந்துப் பொருளுக்கே ஏகபோக உரிமை கொடுக்க மறுத்த 1970-ம் ஆண்டின் இந்தியப் பேடண்டுச் சட்டத்தினால் முடிந்தது. தொழிலாளி உயிரின் விலையை விஞ்ஞானம் மட்டும் நிர்ணயிப்பதில்லை, சட்டமும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

2004 ஏப்ரல் 1-ந் தேதி இந்திய சர்க்கார் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் திறந்த சில மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2017 முதல், தொற்று தெரிந்த உடனேயே, உடம்பு நலியும்வரை காத்திருக்காமல், மருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழலாம், ஷிப்டுக்குப் போகலாம், கரும்பு வெட்டலாம். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அது வாழ்க்கைத் துணைக்குப் பரவுவதில்லை. தாய் மருந்து சாப்பிடாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று வரும். மருந்து சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே போய்விடும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதாலோ, கொசுவாலோ, கக்கூஸாலோ இது பரவாது.

காசநோயின் சரித்திரத்தை வயதான ஆலைத் தோழர்கள் அறிவார்கள். பஞ்சாலைக்காரன் இருமினால் ஊர் விலகிப் போன காலம் ஒன்று இருந்தது, பெண் கொடுக்கமாட்டார்கள், நோயாளியைத் தனியே பிரித்து வைப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒரு ஆராய்ச்சி செய்தது. குடிசையில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமடைந்தார்கள்; கூட இருந்த வீட்டாருக்கும் அதனால் அதிக ஆபத்து வரவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது. நோயாளியைப் பிரித்து வைப்பது வைத்தியமல்ல என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது நம் சென்னைப் பட்டினம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது இன்றும் அதே காசநோய்தான். இரண்டையும் மறைத்து வைப்பவன் இரட்டை ஆபத்தில் இருக்கிறான்.

மறைப்பதன் விலை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதல் சாவுகளுக்குக் காரணம் சாராயம்தான் என்று உடனே ஒப்புக்கொள்ளப்படவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. வாய் திறக்காத உண்மை அடுத்த ஆளைக் கொண்டுபோகும். சாராயம் ஓரிரு நாளில் செய்ததை எச்.ஐ.வி. பத்து வருஷத்தில் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிடித்து இழுத்தால் வருவார்களா?

“எல்லாரையும் கட்டாயமாகச் சோதித்துவிட்டால் என்ன?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது? 1989-ல் கோவாவில் டோமினிக் டிசூசா என்பவர் ரத்த தானம் செய்தார். தொற்று தெரிந்ததும் போலீசார் பிடித்துப்போய் 64 நாட்கள் தனியே அடைத்து வைத்தார்கள். அவர் செய்த குற்றம் ரத்தம் கொடுத்தது! ஒருவரை இப்படி அடைத்தால் ஆயிரம் பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார்கள்.

சோஷலிச கியூபாகூட 1986 முதல் தொற்றுள்ளவர்களை சானடோரியங்களில் வைத்தது. 1993-ல் அந்த முறையைத் தளர்த்தி, வீட்டிலிருந்தே வைத்தியம் பார்க்க வழி செய்தது. அதே கியூபாவைத்தான் 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று அறிவித்தது. பூட்டுப் போட்டதால் கிடைத்த வெற்றியல்ல அது. ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கும் இலவச வைத்தியம் போய்ச் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நம் முன்னுள்ள வேலை தெளிவானது. தொழிலாளியைப் பார்த்து, “உன் பயம் வீண்” என்று சொல்லக் கூடாது. அவன் பயத்துக்கு உள்ள காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய வேண்டும். சங்கங்கள் பின்வரும் கோரிக்கைகளை இந்த வருஷமே எழுப்ப வேண்டும்:

1. சோதனைக்கும் மருந்து வாங்கவும் போகிற நாளுக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். எதற்காகப் போனான் என்று சீட்டில் எழுதக் கூடாது. ‘மருத்துவம்’ என்ற சொல் போதும்.

2. எச்.ஐ.வி.க்கு மட்டும் தனி வரிசை, தனிப் பலகை என்றிருக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாவற்றோடும் சேர்த்து முகாம் நடத்த வேண்டும். யார் எதற்கு நிற்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

3. கரியாலூர், வெள்ளிமலை போன்ற மலை ஊர்களுக்குக் குறித்த நாளில் வாகனத்தில் சோதனையும் மருந்தும் வர வேண்டும். வருகிற ஆலோசகர் அந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது. அந்த ஜனங்களை மதிக்கிறவராக இருக்க வேண்டும்.

4. குடகுக்கும் திருப்பூருக்கும் போகிறவர்களுக்குப் போகிற இடத்திலேயே தடையில்லாமல் மருந்து கிடைக்க வேண்டும். வேலை தேடிப் போனவன் மருந்தை விட்டுவிட்டால் அது அவன் குற்றமல்ல.

5. ஒவ்வொரு ஆலையிலும் புகார் அதிகாரியின் பெயர் தமிழில் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

6. இ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை உதவி உண்டு. அந்தப் பட்டியலில் காசநோயும் எய்ட்ஸும் இருக்கின்றன. உரிமையுள்ள ஒவ்வொரு தோழருக்கும் அது கிடைக்கச் சங்கம் மனு எழுதித் தர வேண்டும்.

சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சங்க ஆபீசில் நாமே என்ன பேசுகிறோம்? ஒரு தோழர் மெலிந்தால் கண்ணடித்துக் கேலி பேசுகிற பழக்கம் நம்மிடையே இல்லையா? தொற்றுள்ளவனுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தால் நாம் சும்மா இருக்கலாமா? தனி கிளாஸ் என்றால் என்ன என்று நம் சேரி மக்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். ஜாதிக்கு வைத்த தனி கிளாசை உடைக்கப் போராடியவர்கள், நோய்க்கு வைக்கிற தனி கிளாசைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது, அவளோடு நீங்களும் போய் ரத்தம் கொடுங்கள். அவள் ஒருத்தி மட்டும் முதலில் போய்ப் பழியை வாங்கிக்கொண்டு வரக் கூடாது. சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் முகாமில் முதல் ஆளாக நிற்கட்டும். தலைவர் நின்ற வரிசையில் நிற்பதற்குத் தொண்டன் கூசமாட்டான். சமீபத்தில்தான் சந்தேகத்துக்கு இடமான சம்பவம் நடந்தது என்றால், ஒரு தடவை இல்லை என்று வந்ததோடு நின்றுவிடாமல், மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்; பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே! தொழிலாளி தன் கூலியை மறைத்து வைத்த காலத்தில் முதலாளி ஆளுக்கொரு கூலி கொடுத்து ஏமாற்றினான். கூலியை வெளியே சொல்லி ஒன்று சேர்ந்த பிறகுதான் நியாயம் கிடைத்தது. நோயை வெளியே சொல்லும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. அது அவரவர் ரகசியம், சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் தன்னிடமே மறைத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் இருப்பதை ஆஸ்பத்திரி தெரிந்துகொள்ளட்டும், நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் வாயை அடக்குகிற வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

சோதனைக்குப் போகிற தொழிலாளிக்குப் பின்னால் சங்கம் நிற்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், ஊர் பயமுறுத்தாது. அந்த நிலையை உண்டாக்குவோம்!